எந்த மருந்துக்கு மாறியது?

மன்னார்க் கரையில் மூட்டுவாதக்காரர் ஒருவரிடம் "என்ன வைத்தியம் செய்தீங்கள்?" என்று கேட்டுவிட்டு உடனே எழும்பிப் போக முடியாது. பதில் நீளும். முதலில் வேப்பெண்ணெய், பிறகு நொச்சி இலை அவித்த ஒத்தடம், பிறகு பனடோல். பாமசியில் வாய்ச்சொல்லாகச் சொல்லி வாங்கிய டைக்குளோபெனாக். பரியாரியார் தந்த கஷாயமும் அவர் விதித்த பத்தியமும். மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி. யாரோ சொன்ன தனியார் டிஸ்பென்சரியில் ஓர் ஊசி. கடைசியில், வருடக்கணக்கும் ஆகிப் போனபின், பெரியாஸ்பத்திரியும் கிளினிக் கொப்பியும். இதில் ஏதோ ஒன்றைச் சொல்லி "அதுக்குத்தான் மாறினது" என்பார். பக்கத்து வீட்டுக்காரருக்கு மாறியது வேறொன்றுக்கு.

இந்த அத்தியாயத்தில் வரும் நோயாளி ஓர் ஆள் அல்லர். பேசாலையிலோ வங்காலையிலோ எருக்கலம்பிட்டியிலோ சிலாவத்துறையிலோ இருக்கக்கூடிய, நாற்பதை நெருங்கும் ஒரு பெண்ணாக நான் கட்டிக்கொண்ட உரு. அவரை அக்கா என்றே எழுதுகிறேன். அவர் போகும் வைத்தியங்களும் அவற்றின் பின்னால் இருக்கும் ஆய்வுகளும் கட்டிக்கொண்டவை அல்ல.

நோயைப் பற்றி முதலில். உடம்புக்குள் நுழையும் கிருமிகளை அடையாளம் கண்டு அழிக்கும் ஏற்பாடுதான் நிர்ப்பீடனம். தன்நிர்ப்பீடன நோய்களில் அது சொந்த இழையத்தையே அந்நியமாக எடுத்துக்கொள்கிறது. முடக்குவாதத்தில் அடிவாங்குவது மூட்டின் உட்புறத்து மென்சவ்வு. அது வீங்கித் தடித்து, குருத்தெலும்பையும் பிறகு எலும்பையும் அரிக்கிறது. லூப்பஸில் தோல், மூட்டு, சிறுநீரகம், இரத்தம் எல்லாமே இலக்குத்தான். வளர்ந்தவர்களில் நூற்றுக்கு அரையிலிருந்து ஒருவர் வரை முடக்குவாதக்காரர் என்பது உலகக் கணக்கு. பெண்கள் ஆண்களைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. லூப்பஸில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். உலகக் கணக்கு இங்கும் பொருந்துமானால், மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலுமாகச் சில நூறு பேர் காலையில் விரல் மடங்காமல் எழும்புகிறார்கள்.

அந்தக் காலை நேரம் முக்கியமானது. வயதால் தேய்ந்த மூட்டு காலையில் கொஞ்ச நேரம் இறுகியிருந்துவிட்டு, வேலை செய்யச் செய்ய நோவெடுக்கும். அழற்சி மூட்டு நேர்மாறு. கருவாட்டு வாடியில் மீன் பிளக்கும் பெண்ணுக்கு விடியற்காலை கத்தி கையில் நில்லாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனபின்தான் விரல் இளகும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீங்கும். வீக்கம் விரலின் அடி மூட்டிலும் நடு மூட்டிலும் இருக்கும், நுனி மூட்டை அநேகமாக விட்டுவிடும். ஓர் அனுபவமுள்ள வைத்தியர் கையைத் தொட்டே பாதி நிதானித்துவிடுவார்.

மற்றப் பாதியைக் குழப்ப இந்தக் கரையில் வேறு சங்கதிகள் இருக்கின்றன. 2006இன் கடைசியில் சிக்குன்குனியா, ஏறத்தாழ நாற்பது வருடத்துக்குப் பிறகு, இலங்கைக்குத் திரும்பி வந்தது. மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், மட்டக்களப்பு என்று கரையோரம் முழுக்கப் பரவியது. காய்ச்சல் ஒரு கிழமையில் போனது. மூட்டு நோ சிலருக்கு மாதக்கணக்கிலும் சிலருக்கு வருடக்கணக்கிலும் நின்றது. அந்த மூட்டுகளும் காலையில்தான் இறுகின, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் வீங்கின. பிறகு புதிதாக முடக்குவாதம் வந்தவர்களும் "அந்தக் காய்ச்சல் விட்டுப்போனது" என்று சொல்லிக் காத்திருந்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது. இரத்தத்தில் பார்க்கும் ருமட்டொயிட் காரணி என்ற பழைய சோதனையும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. காசநோய், தொழுநோய், மலேரியா ஆகியவற்றிலும் அது பொசிட்டிவ் ஆகும். அன்ரி-சிசிபி என்ற புதிய சோதனை எவ்வளவோ துல்லியமானது.

காத்திருப்பதில் இழப்பது எலும்பை. முதல் சில மாதங்களுக்குள் சரியான மருந்து தொடங்கியவர்களின் மூட்டும், இரண்டு வருடம் சுற்றிவிட்டு வந்தவர்களின் மூட்டும் பிற்காலத்தில் ஒன்றாக இருப்பதில்லை. அரித்த எலும்பு திரும்பி வளராது. பல வைத்தியம் பார்ப்பதால் காசு போகிறது என்றுதான் நாம் கவலைப்படுகிறோம். எனக்கென்னவோ காசு அதில் சின்ன நட்டம்.

இனி அக்காவின் பக்கம் நின்று பார்ப்போம்.

அவருக்கு வாடைக்காற்று தொடங்கினால் நோ கூடும். சோளகம் பெயர்ந்தாலும் கூடும் என்பார். இது இங்கு மட்டும் உள்ள நம்பிக்கை இல்லை. டொனால்ட் ரெடெல்மையரும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடக்குவாத நோயாளிகள் 18 பேர், 15 மாதம். நோவையும் வானிலையையும் பதிந்து ஒப்பிட்டபோது தொடர்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த நோயாளிகளில் அநேகமாக எல்லாருமே தொடர்பு இருப்பதாக உறுதியாக நம்பினார்கள். பிறகு இதே ஆய்வாளர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்களை மாணவர்களுக்குக் காட்டினார்கள். அவர்களும் அதில் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள். 2019இல் பிரித்தானியாவில் கைத்தொலைபேசி வழியாக ஆயிரக்கணக்கானோரை வைத்துச் செய்த ஆய்வு கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. ஈரப்பதனும் காற்றும் கூடி, வளியமுக்கம் குறைந்த நாட்களில் நோ சற்றே கூடியிருந்தது. ஆக அக்கா சொன்னதில் ஒரு சிறு துளி உண்மை இருக்கலாம். ஆனால் தீவின் தென்கரையில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது சும்மாவா? காற்றில்லாத நாளைத் தேடிப்பிடிக்க வேண்டிய ஊரில், எந்த நோவுக்கும் ஒரு காற்று கிடைத்துவிடும்.

மருந்து விசயத்திலும் மனம் இப்படித்தான் நடக்கிறது. முடக்குவாதமும் லூப்பஸும் ஒரே மட்டத்தில் நிற்பவை அல்ல. கூடும், தானாகக் குறையும், திரும்பவும் கூடும். தாங்கமுடியாத உச்சத்தில் இருக்கும்போதுதான் புது வைத்தியரைத் தேடுகிறோம். உச்சத்துக்கு அடுத்தது, யார் என்ன கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அநேகமாக இறக்கம். அந்த இறக்கத்தின் புகழ் கடைசியாகக் கை வைத்தவருக்குப் போகிறது. முடக்குவாத மருந்துகளின் பெரிய பரிசோதனைகளில் மருந்தில்லாத வெறும் குளிசை குடித்தவர்களிலும் நான்கில் ஒருவர், சிலவேளை மூன்றில் ஒருவர், இருபது சதவீதமாவது முன்னேறியதாகப் பதிவாகிறது. அவர்களே அந்த நேரத்தில் மடுவில் நேர்த்தி வைத்திருந்தால் மாதாவுக்கும், கஷாயம் குடித்திருந்தால் பரியாரியாருக்கும் நன்றி சொல்லியிருப்பார்கள். மாறாதவர்கள் பேசுவதுமில்லை. கரைக்கு வந்துசேர்ந்த தோணிகளை மட்டும் எண்ணிவிட்டுக் கடல் அன்று அமைதியாக இருந்தது என்று சொல்வதுபோலத்தான் இந்தச் சாட்சியங்கள்.

இதைச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வைத்தியம் மட்டும் நேர்வழியில் வந்தது என்று எழுதினால் அது பொய். அதுவும் சுற்றித்தான் வந்தது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர் 1929இல் ஒன்றைக் கவனித்தார். முடக்குவாதக்காரர் ஒருவருக்கு மஞ்சட்காமாலை வந்தது. மூட்டு நோ போய்விட்டது. கர்ப்பிணிகளிலும் நோ குறைவதை அவர் கண்டார். உடம்பு ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று முடிவுகட்டி, அதற்கு எக்ஸ் என்று பெயர் வைத்து, இருபது வருடத்துக்குக் கிட்டத் தேடினார். காமாலைக்காரரின் இரத்தத்தை ஏற்றிப் பார்த்தார், பித்தத்தைக் கொடுத்துப் பார்த்தார். பரியாரியார் செய்திருந்தால் நாம் சிரித்திருப்போம்.

1948 ஜூலையில் அவரிடம் 29 வயதுப் பெண் ஒருவர் வந்து சேர்ந்தார். ஐந்து வருடத்துக்கு மேல் முடக்குவாதம். அந்தக் காலத்து வைத்தியங்களுக்குப் பயனில்லை. ஹென்ச் அவருக்குக் காமாலையை வரவழைக்கக்கூடிய லக்டோபெனின் என்ற மருந்தைக் கொடுத்தார். காமாலையும் வரவில்லை, நோவும் போகவில்லை. ஏதாவது செய்யுங்கள், இப்படியே வீட்டுக்குப் போகமாட்டேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாக நின்றார். அதே நிறுவனத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற இரசாயனர் அதிரீனல் சுரப்பியிலிருந்து பிரித்த பொருட்களுக்கு எழுத்துகளைப் பெயராக வைத்திருந்தார். அவற்றில் ஈ என்ற சேர்வையை மெர்க் கம்பனி அப்போதுதான் சிறிதளவு தயாரித்திருந்தது. செப்டம்பர் 21ஆம் திகதி முதல் ஊசி. மூன்றாம் நாளில் இறுக்கம் தளர்ந்தது. கிழமை ஒன்றில் அந்தப் பெண் கடைத்தெருவுக்குப் போய் மூன்று மணித்தியாலம் சாமான் வாங்கிவிட்டு வந்தார்.

அந்தச் சேர்வைதான் கோட்டிசோன். 1950இல் ஹென்சுக்கும் கெண்டலுக்கும் சுவிற்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபெல் பரிசு. அதற்குள் கதையின் மறுபக்கம் தெரிய வந்துவிட்டது. மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு முகம் வீங்கி உருண்டது, எலும்பு மெலிந்தது, சீனி ஏறியது, சிலருக்கு மனம் குழம்பியது. நிறுத்தியவர்களுக்கு நோ முழுசாகத் திரும்பி வந்தது.

இப்போது அந்த டிஸ்பென்சரி ஊசிக்கு வருவோம். "போட்டு அடுத்த நாள் எழும்பி நடந்தன்" என்று அக்கா சொன்னால் நான் நம்புகிறேன். அது அநேகமாகக் கோட்டிசோனின் வழித்தோன்றல்தான்: ஒரு ஸ்டீரோயிட். கிளினிக்கிலும் பிரெட்னிசொலோன் கொடுப்பார்கள். மெதுவாக வேலை செய்யும் மருந்து பிடிக்கும்வரை பாலமாக, குறைந்த அளவில், படிப்படியாக இறக்கி. யார் எவ்வளவு கொடுக்கிறார் என்று எழுதாமல் மாதாமாதம் ஊசியாகவோ பெயரில்லாத பொடியாகவோ வரும்போதுதான் ஆபத்து. மூலிகை என்று விற்ற பொடிகளுக்குள் ஸ்டீரோயிட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அப்படிக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால், தூங்கிப்போன அதிரீனல் சுரப்பி எழும்பாமல், இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்து வரலாம். பத்தியம் முறிந்ததாக வீட்டில் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பரியாரியாரை எல்லாம் இந்தப் பொடிக்காரரோடு சேர்த்துவிடக் கூடாது. எண்ணெய் பூசி, சூடு கொடுத்து, அரைமணித்தியாலம் உட்கார்ந்து கேட்பவர் அவர். கிளினிக்கில் ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. அவருடைய முறையைச் சரியாகச் சோதித்துப் பார்த்த இடமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில், அமெரிக்க வாதநோய் நிபுணர் டானியல் ஃபர்ஸ்டும் அங்குள்ள ஆயுர்வேத வைத்தியர்களும் சேர்ந்து 43 முடக்குவாதக்காரரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆயுர்வேதமும் போலிக் குளிசையும், ஒரு பகுதிக்குக் கிளினிக் மருந்தான மெத்தோட்ரெக்சேற்றும் போலிக் கஷாயமும், ஒரு பகுதிக்கு இரண்டும் நிஜமானவை. 36 கிழமை. 2011இல் வெளியான முடிவில் மூன்று பகுதியினருக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 43 பேரை வைத்து இரண்டும் சமம் என்று சொல்லிவிட முடியாது. அதைச் செய்தவர்களும் இதை முன்னோட்டம் என்றே அழைத்தார்கள். ஆனாலும் கஷாயத்துக்குப் போலி தயாரித்து, அதே நிறத்திலும் கசப்பிலும் கொடுத்து, கொடுப்பவருக்கும் தெரியாமல் ஒப்பிட முடியும் என்று காட்டியதே பெரிய காரியம். இதன்பின் வருடக்கணக்கில் பெரிய அளவில் செய்யாமல் விட்டது இரண்டு தரப்பாருக்கும் அழகல்ல. மறுபக்கத்தில், 2004இல் பொஸ்டன் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நல்ல பரியாரியார் இந்தக் கணக்கைக் கேட்டுக் கோபப்படமாட்டார், தன் பஸ்பத்தைச் சோதிக்கக் கொடுப்பார்.

பத்தியமும் முழு மூடத்தனம் இல்லை. நோர்வேயில் 1991இல் நடந்த ஆய்வு ஒன்றில், ஒரு கிழமைக்கு மேல் கிட்டத்தட்டப் பட்டினி கிடந்து பிறகு மரக்கறிக்கு மாறிய முடக்குவாதக்காரருக்கு, வழக்கமாகச் சாப்பிட்டவரைவிட நோ குறைந்தது; அந்த முன்னேற்றம் வருடம் ஒன்றாகியும் நின்றது. மன்னாரில் பத்தியம் என்றால் முதலில் பறிபோவது நண்டும் இறாலும் கணவாயும். அதற்குச் சான்று குறைவு. இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுகிற கௌட் என்ற வேறொரு நோய்க்குத்தான் அது பொருந்தும். மீன் எண்ணெய் மூட்டழற்சியைக் கொஞ்சம் தணிப்பதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. சூடை மீனைத் தடுத்து வைத்திருக்கும் வீட்டில் இதைச் சொல்லலாம்.

இந்தக் கரைக்கும் தன்நிர்ப்பீடன நோய்க்குமான மிக விசித்திரமான உறவு நுளம்பு வழியாக வருகிறது.

மன்னாரில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் குளோரோகுயின் கசப்பு நாக்கில் இருக்கும். இலங்கை முழுவதிலும் 1963இல் 17 மலேரியா நோயாளர்கள்தான் பதிவானார்கள். தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன, ஐந்து வருடத்துக்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. போர்க்கால வடக்கில் அது மிகுந்த மாவட்டங்களில் மன்னாரும் ஒன்று. சுதேச மலேரியா நோயாளர் கடைசியாகப் பதிவானது 2012இல்; 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன், அதே வருட டிசம்பரில், இலங்கையில் அதுவரை காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பு மன்னார் தீவில் பிடிபட்டது. கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்தக் கசப்புக் குளிசைக்குத்தான் இரண்டாவது வாழ்வு கிடைத்தது. லண்டனில் 1894இலேயே ஜோசப் பிராங்க் பெய்ன் என்ற வைத்தியர் லூப்பஸ் தோல் புண்ணுக்குக் குயினைன் கொடுத்து நன்மை கண்டார். இரண்டாம் உலகப் போரில் ஆசியக் காடுகளிலும் பசுபிக் தீவுகளிலும் சண்டையிட்ட படைகளுக்கு மலேரியா தடுக்க மெபக்கிரின் கட்டாயம். தோல் மஞ்சளாகும் அந்தக் குளிசையைக் குடித்தவர்களில் மூட்டு நோவும் தோல் நோயும் உள்ளவர்களுக்குச் சுகம் தெரிந்தது. 1951இல் பிரான்சிஸ் பேஜ் அதையே லூப்பஸ்காரர்களுக்குக் கொடுத்துப் பதிவுசெய்தார். அதன் தங்கையான குளோரோகுயின் வந்தது, பிறகு கண்ணுக்குச் சேதம் குறைந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இன்று லூப்பஸ் கிளினிக்கில் அது இல்லாத கொப்பி அரிது.

அது வேலை செய்யும் விதம் இப்படி. கலங்களுக்குள் அமிலம் நிரம்பிய சிறு பைகள் இருக்கின்றன. கலம் விழுங்கிய குப்பையைச் செரிக்கும் இடம். செத்த கலங்களின் டிஎன்ஏ துண்டுகளை இங்கே கண்டால் சில உணரிகள் கிருமி வந்துவிட்டதென்று அபாயமணி அடிக்கும். லூப்பஸில் இந்த மணி ஓய்வதில்லை. மருந்து இந்தப் பைகளுக்குள் சேர்ந்து அமிலத்தைக் குறைக்கிறது, உணரிகள் மந்தமாகின்றன. மலேரியா ஒட்டுண்ணியையும் அது தன் அமிலப் பையில் வைத்தே கொல்கிறது. பையின் அமிலம்தான் இரண்டு நோய்க்கும் பொது.

மருந்து மட்டுமல்லாமல் மலேரியாவே இந்த நோய்களைத் தடுத்திருக்குமோ என்ற கேள்வியையும் ஒருவர் கேட்டார். நைஜீரியாவின் இபாடானில் வேலை செய்த பிரையன் கிரீன்வுட், அங்கே முடக்குவாதமும் லூப்பஸும் அபூர்வமாக இருப்பதை 1968இல் எழுதினார். ஒட்டுண்ணிகளோடு வாழும் நிர்ப்பீடனம் சொந்த உடம்பின்மேல் பாய்வதில்லை என்பது அவருடைய ஊகம். லூப்பஸ் போன்ற நோய் பிறவியிலேயே வரும் எலிகளுக்கு எலி மலேரியாவைத் தொற்றவைத்தபோது நோய் பிந்தியது. பிற்பாடு சென்னையில், யானைக்கால் புழுத் தொற்று முதல் வகை நீரிழிவுக்காரரிடம் காணப்படவேயில்லை என்றும், மற்றவர்களில் பத்தில் ஒருவரிடம் இருந்தது என்றும் ஓர் ஆய்வு சொன்னது. கட்டக் நகரில் லூப்பஸ்காரரிடமும் அதே கதை.

மேற்கில் சில நோயாளிகள் இதைக் கேள்விப்பட்டுத் தாங்களாகவே கொழுக்கிப்புழுவை வாங்கித் தொற்றவைத்துக்கொண்டார்கள். நம் பாட்டிமார் பேதி குடித்து விரட்டியதைக் காசு கொடுத்து வாங்கினார்கள். பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளை வைத்து அயோவாவில் செய்த சிறு ஆய்வுகள் குடல் அழற்சிக்கு நம்பிக்கையாகத் தொடங்கின. 2013இல் வந்த பெரிய பரிசோதனையில் போலி மருந்துக்கும் முட்டைக்கும் வித்தியாசமில்லை. புழுவைப் பற்றிய ஊகம் இதனால் பொய்யாகிவிடவில்லை. குழந்தைப் பருவத்தில் தடுப்பது வேறு, வந்த நோயைத் திருப்புவது வேறு. மன்னாரில் யாருக்கும் நான் புழுவையோ நுளம்பையோ சிபாரிசு செய்யமாட்டேன். மலேரியா இந்த மண்ணில் கொன்ற குழந்தைகளின் கணக்கு லூப்பஸின் கணக்கைவிட எவ்வளவோ பெரியது.

தங்கம், சல்பசலசின் ஆகியவற்றை ஒரு வரியில் முடிக்கலாம்: முடக்குவாதம் காசநோயின் சொந்தம் என்று பிழையாக நினைத்து 1929இல் ஜாக் பொரஸ்டியே தங்க உப்பை ஏற்றினார், அது கிருமியால் வருகிறதென்று நம்பி நானா ஸ்வார்ட்ஸ் சல்பசலசினைச் செய்தார், இரண்டு எண்ணமும் பிழை, இரண்டு மருந்தும் ஓரளவு வேலை செய்தன.

மெத்தோட்ரெக்சேற்றை அப்படி ஒரு வரியில் விட முடியாது. இன்று முடக்குவாதத்துக்கு முதல் மருந்து அதுதான். அதன் பின்னால் நிற்பவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகள் இருவர் வயிற்றோட்டமும் சோகையுமாக உடம்பை உருக்கும் ஸ்புரூ என்ற நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவரையும் அது பிடித்தது. ஆஸ்பத்திரி வைத்தியத்தில் தேறாதவரை ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதம் எழுப்பியதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிறகு லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். தனக்குச் சுகம் தந்தது எது என்ற கேள்வியைத் தூக்கிக்கொண்டு அமெரிக்கா போனார் என்று நினைக்க எனக்கு ஆசை.

அங்கே லெடர்லி ஆய்வுகூடத்தில் அவருடைய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்புரூவின் சோகைக்கு அதுதான் மருந்து. பிறகு அதே வடிவத்தில், ஃபோலிக் அமிலத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் போலிகளைச் செய்தார்கள்; மெத்தோட்ரெக்சேற்றும் அவற்றில் ஒன்று. சிட்னி ஃபார்பர் அவற்றில் இன்னொன்றை இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்து 1948இல் முடிவை வெளியிட்டார். சுப்பாராவ் அதே வருடம் ஓகஸ்டில் இறந்தார், மேயோவில் அந்த முதல் ஊசி போடப்படுவதற்கு ஆறு கிழமை முன். 1951இல் இந்தப் போலி முடக்குவாதத்துக்கும் உதவியதாக ஓர் அறிக்கை வந்தது. எல்லாரும் கோட்டிசோன் மயக்கத்தில் இருந்ததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெத்தோட்ரெக்சேற்றுக்குச் சரியான ஒப்பீட்டுப் பரிசோதனைகள் வர 1985 ஆனது, அமெரிக்க அனுமதி 1988இல்.

மூட்டுக்கு அதைக் கிழமையில் ஒரு நாள் மட்டும்தான் குடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் குடித்தால் வாய் புண்ணாகி, எலும்பு மச்சை (மஜ்ஜை) இரத்தம் செய்வதை நிறுத்தி ஆளைக் கொன்றுவிடும். உலகம் முழுக்க இந்தப் பிழையால் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் தாதி கொப்பியில் கிழமையின் பெயரை எழுதிக் கோடு போடுவார். ஞாயிறு பூசைக்குப் போகும் வீட்டில் ஞாயிறும், வெள்ளி ஜும்மா வீட்டில் வெள்ளியும் மறக்காது. வேறொரு நாளில் ஃபோலிக் அமிலக் குளிசை. ஒரே ஆய்வுகூடத்தில் பிறந்த மருந்தும் அதன் எதிரியும் இப்படி ஒரே பொலித்தீன் பையில் வீட்டுக்கு வருகின்றன. பிள்ளை பெற நினைப்பவர் முன்கூட்டியே சொல்லவேண்டும், ஈரலுக்கான இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, வீட்டில் மது குடிக்கும் ஆள் நோயாளியே என்றால் அதையும் ஒளிக்கக் கூடாது. பலன் தெரிய ஆறு கிழமை முதல் மூன்று மாதம் வரை எடுக்கும். அடுத்த நாளே எழும்பி நடக்கவைத்த ஊசியைப் பார்த்த அக்கா, முதல் மாதத்திலேயே இதைக் கைவிட நினைப்பது இதனால்தான்.

கிளினிக்கைக் கைவிட வேறு காரணங்களும் உண்டு. நிபுணரின் கிளினிக் தீவில் நடக்காத காலங்களில் யாழ்ப்பாணமோ அநுராதபுரமோ கொழும்போ போகவேண்டும். விடியற்காலை பஸ், ஒரு நாள் உழைப்பு இல்லை. 1990இல் தீவிலிருந்து புத்தளத்துக்கு விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கும் 2008இல் மடுப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கும் எந்த மருந்தும் தொடர்ந்திருக்க வழியில்லை. 2020இல் கொரோனாவுக்கு நல்லதென்று யாரோ சொல்ல ஹைட்ரொக்சிகுளோரோகுயின் உலகக் கடைகளில் தீர்ந்துபோய், அதை வருடக்கணக்கில் குடித்துவந்த லூப்பஸ்காரர் தேடித் திரிந்தார்கள். பரிசோதனைகளில் அது கொரோனாவுக்கு உதவாது என்று தெரிந்தது. 2022இல் இலங்கையில் மருந்தும் இல்லை, மருந்து எடுக்கப் போக எரிபொருளும் இல்லை.

எல்லாம் கிடைக்கும் காலத்திலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. "இப்ப நோ இல்லைத்தானே, இனி எதுக்குக் குளிசை?" கனடாவில் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் குடித்து அமைதியாக இருந்த 47 லூப்பஸ்காரரில் பாதிப் பேருக்குத் தெரியாமல் போலிக் குளிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் போலி குடித்தவர்களுக்கு நோய் கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கானது. 1991இல் வெளியான முடிவு. முடக்குவாதத்துக்கு நெதர்லாந்தில் 285 பேரை வைத்து இதையே செய்தார்கள், 1996இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 38 பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து குடித்தவர்களிலும் 22 பேருக்குத் திரும்பியது. நிறுத்திவிட்டுச் சுகமாக இருக்கும் 62 பேரில் ஒருவர் அக்காவின் தெருவிலேயே இருக்கலாம். அவர் சொல்வதும் பொய்யில்லை. அக்கா எந்தக் கூட்டத்தில் சேருவார் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் பரிசோதனை எந்த ஆய்வுகூடத்திலும் இன்னும் இல்லை. அன்ரி-சிசிபி பொசிட்டிவாக உள்ளவர்களுக்குத் திரும்பி வருவது கூட என்பது தெரியும். அதனால் இப்போது கிளினிக்கில் ஒரேயடியாக நிறுத்துவதில்லை. ஆறு மாதமாவது அமைதியாக இருந்தபின் அளவைச் சிறிது குறைத்து, திகதியைக் கொப்பியில் எழுதி, மூன்று மாதம் கழித்து அதே விரல்களைத் திரும்பவும் அமத்திப் பார்க்கிறார்கள்.